தம் பிடிப்பவர்: ஆர்மேனியாவில் டுடுக் கேட்ட ஆறு நாள்கள்

முதல் நாள்: யெரெவான்

விடியற்காலையில் ஸ்வார்த்னோட்ஸ் விமான நிலையத்தில் இறங்கி நகருக்குள் நுழைந்தபோது, இளஞ்சிவப்பு எரிமலைக் கல்லால் கட்டிய வீடுகளின் மேல்மாடங்களில் மட்டும் வெயில் ஏறியிருந்தது. ஜூன் மாதத்தின் கடைசி வாரம் என்பதால் தெருமுனைகளில் மரப்பெட்டிகளை அடுக்கி ஆப்ரிகாட் பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். நம் ஊருக்கு உலர்ந்து சுருங்கி வந்து சேரும் அந்தப் பழத்தை, விரல் பட்டால் தோல் பிளந்துவிடும் பதத்தில் நான் தின்றது இதுவே முதல் முறை. தாவரவியலில் அந்த மரத்துக்கு வழங்கும் பெயரிலேயே இந்த நாடு இருக்கிறது: புரூனஸ் ஆர்மேனியாகா. தேசியக் கொடியின் மூன்றாவது நிறத்தையும் இங்குள்ளவர்கள் ஆரஞ்சு என்று சொல்வதில்லை, ஆப்ரிகாட் நிறம் என்றே சொல்கிறார்கள். நான் தேடி வந்த குழலும் அந்த மரத்திலிருந்து கடைந்து எடுக்கப்படுவதுதான். வெளியுலகம் அதை டுடுக் என்று அறியும். ஆர்மேனியர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் த்சிரானபோக், அதாவது ஆப்ரிகாட் குழல்.

இந்தக் குழலைக் கேட்டதே இல்லை என்று நினைப்பவர்கூடப் பெரும்பாலும் அதைக் கேட்டிருப்பார். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த கிளாடியேட்டர் திரைப்படத்தின் பின்னணி இசையில் ஜீவான் காஸ்பர்யான் என்ற ஆர்மேனியக் கலைஞர் இதை ஊதினார். அதற்குப் பிறகு, திரையில் பாலைவனம் தோன்றினாலும் எரிந்த ஊர் தோன்றினாலும் கணவனை இழந்த பெண் தோன்றினாலும் உடனே இந்தக் குழலைத் தேடும் பழக்கம் மேற்கத்தியப் படங்களுக்கு வந்துவிட்டது. நானும் பத்தாண்டுகளுக்கு மேலாக இதைக் காதில் மாட்டிய கருவியின் வழியாகவே கேட்டு வந்திருக்கிறேன். பின்னால் ஒரு படம் ஓடாமல், அது பிறந்த மண்ணில், ஒருவர் ஊத நேரில் உட்கார்ந்து கேட்டால் அந்தச் சோகம் அப்படியே இருக்குமா என்று பார்க்கவே இந்தப் பயணம்.

முதல் மாலையே கேட்கக் கிடைத்தது, ஆனால் நான் எதிர்பார்த்தபடி இல்லை. சாலையைக் கடக்கும் சுரங்கப்பாதை ஒன்றில், மடக்கு நாற்காலியில் அமர்ந்த ஒருவர் கண்களை மூடி ஊதிக்கொண்டிருந்தார். படிக்கட்டு இறங்கும் முன்பே ஒலி வந்துவிட்டது. புல்லாங்குழலுக்கு உள்ள காற்றின் கூர்மையோ நாகஸ்வரத்துக்கு உள்ள வீறோ அதில் இல்லை. தொண்டை அடைத்த ஒரு மனிதர், வார்த்தை வராமல், வாயை மூடிக்கொண்டே பாட முயல்வதைப் போல இருந்தது. அருகில் போன பிறகுதான், அவருடைய பாட்டுக்கு அடியில் இடைவிடாமல் ஓடிய ஒற்றைச் சுரம், காலடியில் இருந்த சிறிய ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்பதைக் கவனித்தேன். இன்னொரு குழலால் ஊதிப் பதிவுசெய்து வைத்திருந்த ஒலி அது. அந்த இரண்டாவது குழலுக்கு உரிய மனிதர் எங்கே என்ற கேள்வி அங்கேயே எனக்குள் விழுந்தது.

இரவில் உணவுக்குப் போன ஓர் உணவகத்திலும் டுடுக் ஒலித்தது. அங்கே மின்னிசை விசைப்பலகையின் தாளத்தோடு, சுற்றுலாப் பயணிகளின் கரண்டிச் சத்தத்துக்கு மேலாக ஒலிப்பதற்காக அதை ஒலிவாங்கியில் பெருக்கியிருந்தார்கள். சத்தமாகப் பேசச் சொன்னால் அழுதுவிடும் குழந்தையை மேடையேற்றியதைப் போல இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள்: பட்டறை

வார இறுதியில் கூடும் வெர்னிசாஜ் சந்தையில், கம்பளங்களுக்கும் சதுரங்கப் பலகைகளுக்கும் இடையே டுடுக்குகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றில் பல, சுவரில் மாட்டுவதற்கே செய்தவை என்று என்னை அழைத்துச் சென்ற நண்பர் முதலிலேயே எச்சரித்திருந்தார். அங்கிருந்து அவர் என்னை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உள்ள பட்டறைக்குக் கூட்டிப் போனார். குழல் செய்பவருக்கு எழுபது வயது இருக்கும். எல்லோரும் அவரை 'வர்பெத்' என்று அழைத்தார்கள். கைத்தொழிலில் தேர்ந்த ஆசானை அப்படித்தான் அழைப்பார்களாம்.

சென்னையிலிருந்து வந்திருக்கிறேன் என்று நண்பர் அறிமுகப்படுத்தியதும், "மதராஸ்" என்று அவர் திருத்தினார். ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகையான அஸ்தரார் 1794-இல் மதராஸில்தான் அச்சானது என்பதை அவர் தன் பள்ளிப்பாடத்திலிருந்து நினைவு வைத்திருந்தார். அரண்மனைக்காரன் தெருவில் அவர்களுடைய மாதா கோவில் இன்றும் இருக்கிறது, அந்தப் பத்திரிகையை நடத்திய பாதிரியார் ஷ்மாவோன்யானின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது என்று நான் சொன்னதும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே நூறு முறை நடந்திருந்தும் அந்தக் கோவிலுக்குள் நான் போனது ஒரே ஒருமுறைதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

டுடுக் பார்வைக்கு மிக எளிமையானது. ஒரே மரத்துண்டு. ஒரு முழத்துக்கும் குறைவு. வகையைப் பொறுத்து 28 முதல் 40 சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கும். முன்பக்கத்தில் எட்டுத் துளைகள், பின்பக்கத்தில் கட்டைவிரலுக்கு ஒன்று. வயதான ஆப்ரிகாட் மரத்தை வெட்டி, பிளந்து, பல ஆண்டுகள் நிழலில் உலரவிட்ட பிறகுதான் கடைசலில் ஏற்றுவார்களாம். ஈரம் முழுதும் போகாத மரத்தில் செய்த குழல் ஒரு குளிர்காலத்துக்குள் வெடித்துவிடும் என்றார் வர்பெத். சுவரோரம் சாத்தியிருந்த கட்டைகளைக் காட்டி, அவற்றில் சில தன் தகப்பனார் வெட்டி வைத்தவை என்றார். அந்தக் கட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. தேக்கைப் போல் மினுக்காமல், பழத்தின் நிறத்தையே சற்றுக் கருக்கியதைப் போன்ற செம்மஞ்சள் ஓடியது.

ஆனால் குழலைவிட அதன் வாயில் செருகும் நாணல் துண்டுதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. அதன் பெயர் கமிஷ். நாகஸ்வரத்தின் சீவாளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் அளவே வியப்பாக இருக்கும். கட்டைவிரல் அகலம், நீளத்தில் குழலின் மூன்றில் ஒரு பங்கைத் தொடும். இரண்டு பட்டைகளைச் சேர்த்துக் கட்டுவதில்லை. ஒரே நாணல் குழாயை எடுத்து, ஒரு முனையை ஈரப்படுத்தி, சூடு காட்டி, மெல்ல மெல்ல நசுக்கி வாத்தின் அலகைப் போலத் தட்டையாக்குகிறார்கள். மறுமுனையை வட்டமாகவே விட்டு, நூல் சுற்றிக் குழலுக்குள் பொருத்துகிறார்கள். நடுவில் ஒரு சிறு வளையம் இருக்கிறது. அதை மேலும் கீழும் நகர்த்தினால் நாணலின் வாய் விரிந்து சுருங்கி, சுருதி ஏறி இறங்குகிறது. ஊதாத நேரத்தில் வாய் பிளந்துவிடாமல் இருக்க மேலே ஒரு மூடி மாட்டி வைக்கிறார்கள். ஊதும் முன் சில துளி நீர் விட்டு அது தானாக விழித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். வர்பெத் நீர் விட்டுவிட்டுக் காபி போடப் போனார். திரும்பி வந்தபோது கமிஷ் ஒரு நூலளவு வாய் திறந்திருந்தது.

அந்தச் சோகத்தில் பாதி இந்த அமைப்பிலேயே இருக்கிறது என்பது பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்தது. நாகஸ்வரத்தின் உள்துளை மேலே குறுகிக் கீழே விரிந்து போவது. அதனால்தான் அதன் குரல் நான்கு மாட வீதிகளையும் எட்டுகிறது. ஆர்மேனியர்களிடமும் அத்தகைய குழல் உண்டு. ஸுர்னா என்ற அந்தக் கருவியைத் திறந்த வெளியில் திருமண ஊர்வலங்களில் ஊதுகிறார்கள். டுடுக்கின் துளையோ மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டம். நாணல் இருக்கும் முனை ஒலியலைக்கு அடைத்த முனையாகிவிடுவதால், அதே நீளமுள்ள புல்லாங்குழலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே அது பேசுகிறது. குரலில் இரட்டைப்படை மேற்சுரங்கள் மங்கி, உட்குழிந்த ஒரு தன்மை வந்து சேர்கிறது. இவ்வளவு சிறிய குழலிலிருந்து இவ்வளவு முதிர்ந்த குரல் வருவதன் இரகசியம் இதுதான். மேல் ஸ்தாயிக்குத் தாவ அதனால் முடியாது. ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் இரண்டொரு சுரமும்தான் அதன் உலகம். பெரும்பாட்டைப் பாட இடமில்லாததால் ஒவ்வொரு சுரத்தையும் உதட்டால் அழுத்தி, இளக்கி, வளைத்து, அதற்குள்ளேயே போய்வர வேண்டியிருக்கிறது. அகலமான நாணல் என்பதால் உதடு சற்று அசைந்தாலும் சுரம் வழுக்குகிறது. பேச்சில் குரல் தழுதழுப்பதை ஒத்த அந்த நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

என்னையும் ஊதிப் பார்க்கச் சொன்னார். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு, கன்று ஒன்று தூரத்தில் கத்துவதைப் போல ஏதோ வந்தது. வர்பெத் சிரிக்கவில்லை, அவருடைய பேரன் சிரித்தான்.

மூன்றாம் நாள்: கோமிதாஸ்

மொழி தெரியாத ஊரில் பொறுமையான அருங்காட்சியகம் ஒன்று கிடைத்தால் அது பெரும் துணை. 2015-இல் திறந்த கோமிதாஸ் அருங்காட்சியகத்தில் காலை முழுவதையும் கழித்தேன். 1869-இல் இன்றைய துருக்கியில் உள்ள குத்தாஹியாவில் பிறந்து, பெற்றோரை இழந்து, 1881-இல் எச்மியாட்சின் திருமடத்துப் பள்ளிக்குப் பாட்டுக் குரலுக்காகவே அழைத்துவரப்பட்ட சிறுவன்தான் கோமிதாஸ். பின்னாளில் துறவியாகி, பெர்லினில் இசை பயின்று, ஊர் ஊராக நடந்து குடியானவர்களின் பாட்டுகளைச் சுரப்படுத்தினார். அவர் திரட்டியவை 3,000-க்கும் மேல் என்கிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் தொலைந்து, சுமார் 1,200 மட்டும் எஞ்சியிருக்கின்றன. 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், கைதான ஆர்மேனிய அறிஞர்களில் அவரும் ஒருவர். உயிரோடு திரும்பி வந்தார், ஆனால் மனம் திரும்பவில்லை. 1935-இல் பாரிஸ் அருகே மனநல விடுதி ஒன்றில் இறந்தார். அவருடைய கடைசி இருபது ஆண்டுகளைப் பற்றிய அறையில் பார்க்க அதிகம் இல்லை. அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன்.

பிற்பகலில் சீத்சேர்னகாபேர்த் குன்றின் மேல் உள்ள நினைவிடத்துக்கு நடந்தேன். ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் 1915-இல் தொடங்கிய ஆர்மேனிய இனப்படுகொலைக்கான நினைவிடம் அது. 1967-இல் எழுப்பியது. 44 மீட்டர் உயரக் கூர்முனைக் கல்தூண் ஒன்றும், உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும் 12 கற்பலகைகளும், அவற்றின் நடுவில் அணையாத தீயும். தீ இருக்கும் தளத்துக்குப் படி இறங்குகிறவர் தலை குனியாமல் இறங்க முடியாது. படிகளை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

டுடுக்கின் துயரத்தை 1915-இல் தொடங்கியதாகச் சொல்வது வெளியூர்க்காரர்களுக்கு எளிது. விமானத்தில் வரும்போது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் குழல் அதைவிட மிகப் பழையது. அதன் வேர் கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் ஆண்ட பெருமன்னர் திக்ரானின் காலத்தைத் தொடுவதாக யுனெஸ்கோ ஆவணம் கூறுகிறது. இறந்த வீட்டில் ஊதுவதைப் போலவே கல்யாண வீட்டிலும் அதை ஊதியிருக்கிறார்கள். 40 சென்டிமீட்டர் குழல் காதல் பாட்டுக்கு, சிறிய குழல் நடனத்துக்கு என்ற பங்கீடும் உண்டு. உலகம் முழுவதும் ஆர்மேனியரின் ஒப்பாரியாக அறியப்படும் 'த்லே யமான்' என்ற பாட்டே கோமிதாஸ் சேகரித்த ஒரு காதல் பாட்டுதான். காதலியின் வீடும் காதலனின் வீடும் எதிரெதிரே இருப்பதைச் சொல்கிற அந்தப் பாட்டு, பாடிய ஊர்களும் பாடிய மக்களும் இல்லாமல் போன பிறகு, வேறு பாட்டாகிவிட்டது. பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்கும் காதுகள்தான் மாறின. 15 லட்சம் பேர்வரை மாண்டார்கள் என்று கணக்கிடப்படும் ஒரு பேரழிவுக்குப் பிறகு, எதிர்வீட்டைப் பற்றிய ஒரு பாட்டைப் பழையபடி கேட்க யாரால் முடியும்?

நான்காம் நாள்: கோர் விராப்

தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அராரத் சமவெளி முழுவதும் ஆப்ரிகாட் தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் மாறி மாறி வந்தன. கோர் விராப் என்றால் ஆழ்குழி. கிறித்தவத்தை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த புனித கிரிகோரை அரசன் திர்தாத் அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் நிலவறை அங்கே மடத்துக்குள் இருக்கிறது. செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கிப் பார்த்துவிட்டு, மூச்சு முட்டி மேலே வந்தேன். பதின்மூன்று ஆண்டுகள் என்கிறது மரபு; எனக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

மதில்மேல் நின்றால் அராரத் மலை கண்ணை முழுதும் அடைத்துக்கொள்கிறது. 5,137 மீட்டர். ஆர்மேனியர்களின் அரசு முத்திரையில் இருக்கும் மலை, ஆர்மேனியாவில் இல்லை. நடுவில் அராக்ஸ் ஆறு ஓடுகிறது. அதுவே 1993-இல் மூடப்பட்ட துருக்கி எல்லை. ஆற்றின் போக்கு எது என்பதைத் தண்ணீர் காட்டவில்லை, இருபுறமும் அடர்ந்து நின்ற நாணல்தான் காட்டியது. கமிஷுக்கு உரிய நாணல் இந்த ஆற்றங்கரையில் விளைவதுதான். குளிர்காலத்தில் தண்டின் ஈரம் வற்றிய பிறகு வெட்டுவார்கள் என்று வர்பெத் சொல்லியிருந்தார்.

அக்கரையில் நிற்பதும் அதே நாணல்தான். அங்கே அதை வெட்டி மெய் என்ற குழலுக்குப் பொருத்துகிறார்கள். அஜர்பைஜானில் பாலாபான் என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு மெய் என்ற பெயர் வேறு பொருள் தருவதால், அதைக் கேட்டதும் எனக்குச் சற்று நேரம் மனம் அங்கேயே நின்றது. ஆர்மேனிய டுடுக்கை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. பாலாபானையும் மெய்யையும் 2023-இல் அஜர்பைஜானும் துருக்கியும் சேர்ந்து அதே பட்டியலில் ஏற்றின. ஒரே குடும்பத்துக் குழல்கள் ஒரே பட்டியலில் இரண்டு பதிவுகளாக இருக்கின்றன. யாருடையது முதலில் என்று இணையத்தில் சண்டையிடுவோர் இந்த மதிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. நின்றாலும் சண்டை தீராது என்பதும் தோன்றியது.

ஐந்தாம் நாள்: கெகார்த், பிறகு ஒரு வீடு

காலையில் கெகார்த். மலையைக் குடைந்து செய்த மடம். 1215-இல் கட்டிய முதன்மைக் கோவிலைப் பலரும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வெளியே பாறையோரமாகப் படியேறி, குறுகிய வழியில் புகுந்தால், 1288-இல் குடைந்த ஒரு மேல்மண்டபம் வருகிறது. தூண்களும் கவிகையும் எல்லாமே ஒரே பாறை. அங்கே யாரும் இல்லாத ஒரு நிமிடத்தில், கூச்சத்தோடு, அடித்தொண்டையில் ஒரு ஷட்ஜத்தைப் பிடித்தேன். நான் நிறுத்திய பிறகும் பாறை அதை விடவில்லை. பல நொடிகள் அது தன்பாட்டில் நின்று, கரைந்தது தெரியாமல் கரைந்தது. அந்த நொடிகளில் ஏதாவது ஒரு மெட்டை மேலே பாடியிருந்தால், பாறை எனக்குச் சுருதி போட்டிருக்கும்.

முதல் நாள் சுரங்கப்பாதையில் விழுந்த கேள்விக்கு மாலையில் விடை கிடைத்தது. டுடுக்கை இருவர் சேர்ந்து ஊதுவதே முறை. ஒருவர் மெட்டை எடுத்துச் செல்வார். மற்றவர் ஆதார சுரத்தை இடைவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சுரத்தின் பெயர் தம். அதைப் பிடிப்பவர் தம்காஷ். பாரசீகத்தில் தம் என்றால் மூச்சு. காஷ் என்றால் இழுப்பவர். இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். தம் கட்டி ஓடினான், தம் பிடித்துத் தூக்கினான் என்று நாம் சொல்வதும் தம் பிரியாணியில் வருவதும் இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த அதே சொல்தான் என்று விளக்கிய பிறகு, வீட்டிலிருந்த மற்றவர்களும் சிரித்தார்கள்.

நண்பர் என்னை அழைத்துப் போனது நாற்பது ஆண்டுகளாகத் தம் மட்டுமே பிடித்துவரும் ஒருவரின் வீட்டுக்கு. நான்காம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவருடைய மனைவி லவாஷ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆப்ரிகாட்டும் வைத்து, நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "த்ஸாவ்த் தானெம்" என்றார். உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பது அதன் நேர்ப்பொருள். இங்கே கடைக்காரர்கூட வாடிக்கையாளரிடம் அன்பாகச் சொல்லும் சாதாரணச் சொல் அது. நாம் 'கண்ணு' என்று சொல்வதைப் போல.

"நீங்கள் மெட்டு வாசிப்பதில்லையா?" என்று கேட்டேன். பதிலுக்கு அவர் குழலை எடுத்து ஒரு நடன மெட்டை ஊதினார். கால் தானாகத் தாளம் போடும் மெட்டு; அழுகையின் சாயலே அதில் இல்லை. இரண்டு குழலும் ஒரே வகைக் குழல்தான், இருவருக்கும் பயிற்சியும் ஒன்றுதான். தம் பிடிப்பவர் மெட்டு தெரியாதவர் அல்லர், மெட்டு எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்தவர். மெட்டு வேறொரு சுரத்தைத் தன் வீடாகக் கொள்ளும்போது, தம்மும் சத்தமில்லாமல் அங்கே நகர்ந்திருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் மேலே ஊதுகிறவர் கால் வைக்கும் படி அங்கே இருக்காது.

பிறகு தம்மைக் காட்டினார். கன்னங்கள் இரண்டும் பந்தைப் போல உப்பின. உப்பிய கன்னத்தில் சேர்ந்திருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மூக்கால் உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கும் அந்தக் கணம் ஒலியில் தெரியக் கூடாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு நிமிடம் கடந்த பிறகும் அந்தச் சுரம் ஒரு தழும்பும் இல்லாமல் நின்றது. ஜன்னல் கண்ணாடி மிக மெல்ல அதிர்ந்தது. மூன்றாவது நிமிடத்திலிருந்து நான் அதைக் கேட்கவில்லை, அதற்குள் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவருடைய மருமகன் அடுத்த அறையிலிருந்து தன் குழலோடு வந்து, எதுவும் சொல்லாமல், அதன்மேல் மெட்டைத் தொடங்கினார். ஒவ்வொரு சுரமும் தம்மிலிருந்து பிரிந்து சற்று மேலே போய், அங்கே நிலைக்காமல் வளைந்து, மீண்டும் அதனிடமே வந்து விழுந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் சோகம் என்று கேட்டது மெட்டை அல்ல, மெட்டுக்கும் தம்முக்கும் இடையே உள்ள அந்தத் தூரத்தைத்தான் என்று அந்த அறையில் எனக்குத் தோன்றியது. சுரங்கப்பாதை ஒலிபெருக்கியில் அது கிடைக்காததற்கும் காரணம் இருந்தது. பதிவுசெய்த தம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இவரோ, மருமகன் ஒரு சுரத்தில் தயங்கியபோது தம்மைச் சற்றே தணித்து, அவர் மீண்டு வந்ததும் உயர்த்தினார்.

இறந்த வீடுகளைப் பற்றிக் கேட்டேன். முற்றத்தில் அமர்ந்து ஊதுவார்களாம். சவப்பெட்டியை எடுக்கும்போது எழுந்து நின்று ஊதுவார்களாம். "அங்கே மெட்டு வாசிப்பவர் மூச்சு வாங்க நிறுத்தலாம், கண் துடைத்துக்கொள்ளவும் செய்யலாம். நான் நிறுத்தினால் அழுதுகொண்டிருப்பவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். அதனால் நான் நிறுத்துவதில்லை" என்றார். அவருடைய சொந்தத் தாயாரின் அடக்கத்தன்று யார் தம் பிடித்தார்கள் என்று நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். அவரே சொன்னார்: "என் மாணவன். நன்றாகப் பிடித்தான்."

நான் மாயவரம் பக்கத்தில் வளர்ந்தவன். கோவில் புறப்பாட்டில், நாகஸ்வரக்காரருக்குப் பின்னால், விரல் துளைகளே இல்லாத நீண்ட குழலை உதட்டில் வைத்துக்கொண்டு, ஒரே சுரத்தை ஊதியபடி நடந்துவரும் ஒத்துக்காரர் ஒருவரைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர் முகம் நினைவில்லை, உப்பிய கன்னம் மட்டும் நினைவிருக்கிறது. இப்போது அந்த இடத்தில் மின்சார சுருதிப்பெட்டி வந்துவிட்டது. தமிழில் 'ஒத்து ஊதுகிறவன்' என்றால், சொந்தக் கருத்து இல்லாமல் அடுத்தவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன். அந்தத் தொடரை மொழிபெயர்த்துச் சொன்னேன். தம்காஷ் வெகுநேரம் யோசித்துவிட்டு, "உங்கள் ஊரில் அதைச் சொன்னவர் மெட்டு வாசிப்பவராகத்தான் இருந்திருப்பார்" என்றார்.

விடைபெறும் முன் எனக்கு ஒரு பாடம் நடந்தது. கோப்பைத் தண்ணீரில் குழாயை விட்டு, குமிழி அறுபடாமல் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கச் சொன்னார். முதல் ஐந்து முறை மூக்கில் தண்ணீர் ஏறியது. அரை மணி நேரத்துக்குப் பிறகு குழலில் பதினைந்து வினாடி பிடித்தேன். நடுவில் ஓரிடத்தில் மூச்சு இழுத்ததும் நன்றாகவே கேட்டது. இருந்தாலும் மருமகன் பெருந்தன்மையோடு அந்தப் பதினைந்து வினாடிக்குள் அடங்கும் ஒரு சிறு மெட்டை அதன்மேல் ஊதி முடித்தார்.

ஆறாம் நாள்: திரும்புதல்

காலையில் வர்பெத்தின் பட்டறைக்குப் போய் ஒரு டுடுக் வாங்கினேன். எந்தச் சுருதி வேண்டும் என்று கேட்டார். தம் பிடிக்க எது நல்லது என்று நான் திருப்பிக் கேட்டதும், சுவரோரக் கூடையை ஒதுக்கிவிட்டு, உள்ளறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு கமிஷ்களைக் கூடவே வைத்துக் கட்டினார். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அவை அதிகமாக வாய் திறந்துகொள்ளும், மூடியைக் கழற்றி வைத்து மறந்துவிடாதே என்று மூன்று முறை சொன்னார். மாலையில் சுரங்கப்பாதை வழியாகத்தான் நடந்தேன். மடக்கு நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பெண் ஆப்ரிகாட் விற்றுக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்தில் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். இளம் அதிகாரி ஒருவர் துணிச் சுருளைப் பிரித்து, குழலை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"வாசிப்பீர்களா?" என்று கேட்டார்.

"தம் மட்டும்" என்றேன். "பதினைந்து வினாடி."

அவர் சிரிக்கவில்லை. தலையசைத்துவிட்டு, பைக்குள் உருண்டு கழன்றிருந்த கமிஷின் மூடியைத் தேடி எடுத்தார். நாணலின் வாயை இரு விரலால் அழுத்திச் சேர்த்து, மூடியை மாட்டி, துணியில் பழையபடி சுற்றி என்னிடம் நீட்டினார். பின்னால் வரிசை நீண்டிருந்தது.